முடிவு தெரிந்த பிறகும்

எல்லவிலிருந்து பதுளைக்கு இறங்கும் ரயில் தெமோதரை நிலையத்தில் நின்று புறப்படுகிறது. ஒரு மலைமூக்கைச் சுற்றி வளைந்து, சுரங்கத்துக்குள் நுழைந்து, சற்று முன்பு தான் நின்ற அதே நிலையத்தின் அடியால் கடந்து போகிறது. 44 அடி தூரத்துக்கு ஓர் அடிக்கு மேல் பாதையைச் சரிக்கக் கூடாது என்பது அந்த மலைப்பாதையின் கணக்கு. மலையோ அதைவிடச் செங்குத்து. தூரத்தைக் கூட்டி உயரத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லாததால் பாதையை வளையமாகச் சுற்றினார்கள். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. 1924ஆம் ஆண்டு பதுளை வரை ரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் பயணிகள் ஒரே இடத்தை இரண்டு மட்டங்களில் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

ஏற்கெனவே பார்த்து முடித்த மர்மத் தொடரை டி.வி.டி.யில் மறுபடியும் போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். கதை அதே இடத்துக்கு வருகிறது. பார்ப்பவர் வேறு மட்டத்தில் இருக்கிறார்.

தமிழில் இப்படித் திரும்பப் பார்ப்பதற்கு மிகப் பொருத்தமான தொடர் ‘மர்ம தேசம்’. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த இந்த வரிசை, 1990களின் நடுவில் ‘ரகசியம்’ என்ற கதையோடு தொடங்கியது. அடுத்து வந்தது ‘விடாது கருப்பு’. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா. தோட்டக்கார மங்கலம் என்ற கிராமம், அதைக் காக்கும் கருப்புசாமி, தப்புச் செய்தவர்களைத் தேடி வரும் தண்டனை, இரவில் குதிரை. நடுவே ஒரு சிறுவன், பேச்சி என்ற ஒரு கிழவி. அந்தப் பால்யமும் நிகழ்காலமும் மாறி மாறிப் பின்னிக்கொண்டே போகும். கடைசியில் முடிச்சு அவிழ்வது சாமியிடத்திலும் இல்லை, பேயிடத்திலும் இல்லை. சின்ன வயதில் காயம்பட்டு இரண்டாகப் பிரிந்துபோன ஒரு மனதில். அந்த மனது யாருடையது என்பதைத் தொடரைப் பார்க்காதவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடலாம்.

பதுளையைச் சூழ்ந்த ஊவா மலைகளுக்குக் கருப்பு வெளியூர்ச் சாமி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் வந்தவர்கள் தங்கள் காவல் தெய்வங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். கருப்பன், முனியாண்டி, மாடசாமி எல்லோரும் மலையேறினார்கள். ஏறிய இடத்தில் புதிய வேலைகளும் அவர்களுக்குக் கிடைத்தன. தேயிலை ஆலையின் சுழலும் இயந்திரத்துக்கு ரோதைமுனி என்று ஒரு காவல், கவ்வாத்து வெட்டும்போது அதற்கென்று ஒரு பூசை. கை, காலை இழுத்துக்கொள்ளக்கூடிய இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு முனி தேவைப்பட்டார் என்பது அந்தத் தொழிலைப் பற்றிய உண்மையான தகவல். மாசியில் காமன் கூத்து ஆடும்போது அருள் வந்து ஆடுவதும், வீட்டில் காரணம் தெரியாத நோய் என்றால் கோடாங்கி பார்ப்பதும் தோட்டங்களில் இன்றும் அறியப்பட்ட வழக்கங்கள். ஆகவே ‘விடாது கருப்பு’ லயத்துக்குள் வந்தபோது, அதன் சாமி அங்கே ஏற்கெனவே குடியிருந்தார்.

அந்தத் தொடர் ஒளிபரப்பான காலத்தில் அதைப் பார்த்ததற்கும் டி.வி.டி.யில் பார்ப்பதற்கும் உள்ள முதல் வித்தியாசம் நேரம். அப்போது ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே முழு வாரம் கிடந்தது. முடியாத காரியம் முடிந்த காரியத்தைவிட நினைவில் அதிகம் தங்கும் என்று 1927ஆம் ஆண்டு ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். பின்னாளில் வந்த சோதனைகள் எல்லாம் அந்த முடிவை அப்படியே உறுதிசெய்யவில்லை. ஆனால் தொடர்கதை படித்து வளர்ந்த எவருக்கும் அவர் சொன்னதன் சாரம் புரியும். ‘யார் அந்தக் கருப்பு?’ என்ற கேள்வி திரையை அணைத்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். கொழுந்து எடுக்கும் நிரையிலும் பீலிக்கரையிலும் ஆளுக்கொரு விடை முளைக்கும். திகிலில் பெரும்பங்கு அந்த ஏழு நாள்களில் விளைந்தது. தட்டில் அந்த ஏழு நாள் இல்லை. பொத்தானை அழுத்தினால் அடுத்த பகுதி வந்துவிடுகிறது.

தட்டு என்ன செய்கிறது என்பதையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டி.வி.டி. 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வட்டு. உண்மையில் அது 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு வட்டுகளை ஒட்டிச் செய்தது. உள்ளே, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருளாக ஒரே ஒரு தடம். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 1,350 சுற்றுகள். ஒற்றை அடுக்குத் தட்டில் அந்தத் தடத்தை நீட்டினால் 11 கிலோமீட்டருக்கும் மேல் வரும். அந்தத் தடம் முழுக்க நுண்ணிய பள்ளங்கள். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் அதன்மேல் ஓடி, ஒளி எங்கே பலமாகத் திரும்புகிறது, எங்கே மங்குகிறது என்று படிக்கிறது. அந்த மாற்றங்களிலிருந்து எண்களும், எண்களிலிருந்து குதிரையும் இருட்டும் பேச்சிக் கிழவியின் முகமும் திரும்ப எழுகின்றன.

தட்டில் கீறல் விழுந்தாலும் படம் பெரும்பாலும் நிற்பதில்லை. சேமிக்கும்போதே கூடுதல் எண்களைச் சேர்த்து எழுதிவைக்கிறார்கள். இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட முறை இது. சில எண்கள் அழிந்துபோனால் மீதமுள்ளவற்றை வைத்து அழிந்ததைக் கணக்குப்போட்டு மீட்டுவிடலாம். சுமார் 6 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் போய்விட்டாலும் டி.வி.டி. சமாளிக்கும். வீட்டில் எழுதிய தட்டுகளின் கதை வேறு. அவற்றில் பள்ளங்களுக்குப் பதிலாகக் கரிமச் சாயம் இருக்கிறது. வெயில், வெப்பம், ஈரம் மூன்றும் அந்தச் சாயத்துக்கு எதிரிகள். மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் கிடக்கும் மலைநாட்டில் சாயத் தட்டை நம்பிப் பழைய தொடரைப் பாதுகாக்க முடியாது. வைத்திருப்பவர்கள் காலம் கடக்கும் முன் வேறொரு பிரதி எடுத்துவிடுவதே நல்லது.

படத்தின் தெளிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டி.வி.டி. என்றால் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்ற நம்பிக்கை, நாடாவில் எடுக்கப்பட்ட பழைய தொடர்களுக்குச் செல்லாது. மூலத்தில் இல்லாத நுணுக்கத்தைத் தட்டு உண்டாக்க முடியாது. அதோடு, இடத்தை மிச்சம்பிடிப்பதற்காகப் படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு முக்கியமில்லை என்று கணக்கிடும் விவரங்களை எறிந்துவிடுகிறார்கள். வெயிலில் எடுத்த காட்சியில் இது தெரியாது. புகையும் பனியும் இருட்டும் நிறைந்த காட்சியில் கறுப்பு மெல்ல மெல்லச் சாம்பலாகும் இடங்களில் சதுரங்கள் நெளியத் தொடங்கும். பேய்க்கதைகளில் இருட்டுதான் முக்கியமான இடம். தரவுச் சுருக்கம் மிகவும் தடுமாறுவதும் அங்கேதான். இரண்டு புள்ளியும் ஒரு கோடும் கிடைத்தால் முகம் செய்துவிடும் மனித மூளைக்கு அந்த நெளியும் சதுரங்கள் போதும். திரையின் மூலையில் யாரோ நிற்பதுபோல் தோன்றியது நாகாவின் கைவண்ணமா, தரவுச் சுருக்கத்தின் விளைவா என்று நிறுத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நிறுத்திப் பார்க்கும் வசதி டி.வி.டி. தந்த பெரிய கொடை. ஒளிபரப்பில் அது கிடையாது.

இனி விஷயத்தின் மையத்துக்கு வரலாம். தட்டு ஒவ்வொரு முறையும் அதே எண்களைத் தருகிறது. பார்ப்பவரின் நினைவு அப்படித் தருவதில்லை.

இதற்கு உளவியலில் மிகப் புகழ்பெற்ற சான்று, தற்செயலாக ஓர் ஆவிக்கதைதான். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஃபிரெடரிக் பார்ட்லெட், 1932ஆம் ஆண்டு வெளியிட்ட நினைவு பற்றிய நூலில் அதை விவரித்தார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் ‘ஆவிகளின் போர்’ என்ற கதையை ஆங்கிலேயர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பிறகு நாள்கள், மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்துக் கதையைத் திரும்ப எழுதச் சொன்னார். கதை சுருங்கியது மட்டுமல்ல, திரிந்தும் போயிருந்தது. மரம் குடைந்த ஓடம் சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. புரியாத ஆவிகள் மெல்லக் கதையிலிருந்தே கழன்றுகொண்டன. படித்தவர்கள் கதையை எடுத்துவைக்கவில்லை. தமக்குப் பழகிய உலகத்தை வைத்து ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டினார்கள்.

2000ஆம் ஆண்டு கரீம் நாதர், கிளென் ஷாஃப், ஜோசஃப் லெடூ மூவரும் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு இதை மூளையின் உயிரணு மட்டத்துக்குக் கொண்டுபோனது. ஓர் ஒலியோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துப் பழக்கப்பட்ட எலி, பிறகு ஒலியைக் கேட்டாலே உறைந்து நிற்கும். அந்தப் பயத்தை ஒலியால் நினைவூட்டிய உடனே, புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை மூளையின் அமிக்டலாவில் செலுத்தினார்கள். பயம் குன்றிப்போயிற்று. நினைவூட்டாமல் மருந்தை மட்டும் கொடுத்தபோது பயம் அப்படியே இருந்தது. பதிந்து உறுதிப்பட்ட நினைவுகூட, வெளியே எடுக்கும்போது சற்று நேரம் இளகி, திரும்பப் பதிய வேண்டியிருக்கிறது என்பது இதன் பொருள். பழைய பயத்தை மறுபடி சந்திப்பது அதைத் திருத்தி எழுதும் வாய்ப்பு. எலியிலிருந்து மனிதருக்கு நேர்கோடு போட முடியாது என்றாலும், சிறுவயதில் போர்வைக்குள் ஒளிந்து பார்த்த தொடரை வளர்ந்த பிறகு வெளிச்சத்தில் பார்ப்பவர் ஏன் வேறொரு கதையைக் காண்கிறார் என்பதற்கு இந்த ஆய்வு ஒரு திசை காட்டுகிறது.

முடிவு தெரிந்தால் சுவை போய்விடாதா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியேகோ வளாகத்தில் ஜொனாதன் லெவிட், நிகோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். 2011இல் வெளியான அவர்களின் முடிவு பலரை வியக்கவைத்தது: முடிவை முன்பே அறிந்தவர்கள் கதைகளைச் சராசரியாக அதிகம் ரசித்தார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் இதற்கு நேர்மாறான முடிவுகளையும் கண்டார்கள், விவாதம் தீரவில்லை. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பரிசோதனைச்சாலை இல்லாமலே இதற்கு ஒரு நல்ல விளக்கம் தந்திருக்கிறார். மேசையின் கீழ் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது முன்பே தெரிந்தால் வெடிக்கும் வரை அத்தனை நிமிடமும் பதைப்பு. மறுபார்வை தொடரின் அதிர்ச்சிகளை எல்லாம் பதைப்புகளாக மாற்றிவிடுகிறது. திடுக்கிடும் உடல்வினை திரும்பத் திரும்ப நடந்தால் மழுங்கும். பதைப்பு அவ்வளவு சீக்கிரம் மழுங்குவதில்லை.

‘விடாது கருப்பு’ இந்த மாற்றத்தால் உயர்கிறது. முதல் தடவை ‘யார்?’ என்று கேட்டவர், இரண்டாம் தடவை ‘ஏன்?’ என்று கேட்கிறார். முன்பு கிளைக்கதைபோல் கடந்துபோன சிறுவனின் காட்சிகள் இப்போது நடுவே வந்து உட்கார்கின்றன. பேச்சிக்கும் அவனுக்கும் இடையிலான ஒவ்வொரு பேச்சும் சான்றாகிறது. குதிரைக் குளம்பொலியைவிட ஒரு குழந்தை தனியாக விடப்படும் காட்சி அதிகம் உறுத்துகிறது. மர்மத் தொடர்களில் பெரும்பாலானவை விடை தெரிந்ததும் வெறுங்கூடாகிவிடும். இது அப்படி ஆகவில்லை. அதுவே இந்தத் தொடரின் தரத்துக்குச் சான்று.

அதன் அறிவியல் எவ்வளவு சரி? மனம் பிளவுபட்டு, ஒரு பகுதி அறிந்ததை மறுபகுதி அறியாமல் இருக்கலாம் என்பதை 1889ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர் பியேர் ஜானே விரிவாக எழுதினார். ‘பல்லாளுமைக் கோளாறு’ என்று வழங்கியதை, 1994இல் வந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் நான்காம் பதிப்பு ‘விலகல் அடையாளக் கோளாறு’ என்று மாற்றியது. ஒரே உடலில் பல முழு மனிதர்கள் வாழ்வதில்லை, ஒரு மனிதரின் அடையாளம்தான் ஒன்றுசேராமல் சிதறிக் கிடக்கிறது என்பது அந்த மாற்றத்தின் கருத்து. ‘விடாது கருப்பு’ வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். குழந்தைப் பருவக் கொடுமைக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு உண்டு என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். சிகிச்சையாளரின் தூண்டுதலாலும் படங்களின் செல்வாக்காலும் உருவாகிறது என்று வாதிடுவோரும் உண்டு. அந்தக் காயத்தைத் தொடர் மையத்தில் வைத்தது நியாயமான தேர்வு. தண்டனை தரும் கொலையாளியாக ஓர் ஆளுமை எழும் என்பது கதைக்கான மிகை. இந்தக் கோளாறு உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடத் தம்மையே காயப்படுத்திக்கொள்ளும் அபாயம்தான் மருத்துவர்களை அதிகம் கவலைப்படுத்துவது. 2005இல் வந்த ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ படங்கள் அந்த மிகையை இன்னும் பெரிதாக்கின.

பேயும் சாமியும் உண்மையா என்ற கேள்வியை இலங்கையில் நேருக்கு நேர் எடுத்தவர் ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் பிறகு தெற்கிலும் தாவரவியல் கற்பித்தவர். பேய் வீடு, கல்லெறியும் ஆவி, பிசாசு பிடித்தவர் என்று அழைப்பு வந்த இடங்களுக்கெல்லாம் போய்ப் பார்த்தார். தெய்வீக சக்தியை மோசடி இல்லாத சூழலில் நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும் வரை பணத்தை யாரும் வெல்லவில்லை. அவருடைய வழக்குக் குறிப்புகளிலிருந்து ஒன்று ‘புனர்ஜன்மம்’ என்ற மலையாளப் படமாகவும் ஆயிற்று. கோவூரின் துணிவுக்கு இந்தத் தீவு கடன்பட்டிருக்கிறது. ஆனால் சக்தி உண்டென்று சொல்பவர் ஏமாற்றுக்காரர் அல்லது மனமயக்கம் உள்ளவர் என்ற அவருடைய இரண்டு பெட்டிகளுக்குள் எல்லா மனிதரும் அடங்கிவிடவில்லை.

மூன்றாவது வழியைக் காட்டியவர் மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர. ஊவா மாகாணத்திலேயே உள்ள கதிர்காமத்தில் அருள் வந்து ஆடும் பெண்களோடு பேசி, அவர்களின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு எழுதிய நூலை 1981இல் வெளியிட்டார். இறந்துபோன உறவினரின் ஆவி முதலில் வதைக்கிறது. காலப்போக்கில் அதே ஆவி தெய்வத்தின் அருளைக் கொண்டுவரும் துணையாக மாறுகிறது. குற்ற உணர்வும் இழப்பும் குடும்பத்து வலியும் அந்த மாற்றத்தில் ஒரு மொழியைப் பெறுகின்றன. பேச்சிக் கிழவியின் கதையைத் தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் அருளுக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாட்டை ஏற்கிறது. ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட சமய வழக்கத்தின் பகுதியாக அருள் வருவது நோய் இல்லை. விருப்பமின்றி, திரும்பத் திரும்ப வந்து, வேலையையும் உறவையும் குலைத்து, ஆளைத் துன்புறுத்தினால் அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை.

இவ்வளவும் தெரிந்த பிறகு இரவில் தட்டைப் போட்டுப் பார்க்கும் ஒருவருக்கு, தெமோதரைச் சரிவில் வெளியே ஏதோ சத்தம் கேட்டால் பயம் வராதா? வரும். அதற்கும் காரணம் உண்டு. பகலில் நிலத்தை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்க, மேலே சற்றுச் சூடான அடுக்கு நிற்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போவதால் அலை கீழ்நோக்கி வளைகிறது. அக்கரை மலையின் நாய்க்குரைப்பும் ரயிலின் ஊதலும் யாரோ நடக்கும் காலடியும் பக்கத்து லயத்தில் கேட்பதுபோல் வந்து விழும். கண் காட்டாத ஒன்றைக் காது கிட்டத்தில் வைக்கிறது. மீதியை மூளை நிரப்புகிறது.

‘மர்ம தேசம்’ இன்று யூடியூபிலும் கிடைக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறைந்தார். தொடரைத் திரும்பப் பார்ப்பவர்கள் கருப்பை விட்டுவிட்டு அந்தச் சிறுவனைக் கவனித்துப் பார்க்கலாம். அவனைப்போல் ஒருவர் பக்கத்து வீட்டில் இருந்தால், கோடாங்கியிடம் போவதை யாரும் தடுக்கத் தேவையில்லை. அதோடு மருத்துவரிடமும் கூட்டிப்போக வேண்டும். பதுளை போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926.